சிறுநீரகம் சந்தைச் சரக்கா?

“உடம்பு என்னுடையது. இரண்டு சிறுநீரகத்தில் ஒன்றை விற்றால் என் கடன் தீரும். வாங்குகிறவன் உயிர் பிழைப்பான். இதைத் தடுக்கச் சர்க்காருக்கு என்ன உரிமை?”

மார்க்கையன்கோட்டையில், நடவு முடிந்து வரப்பேறிய தோழர்களிடையே எழுந்த கேள்வி இது. கேட்டவர் கெட்டவரல்லர், கடன்பட்டவர். ஆகவே கேலி பேசி ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

படித்த பெரியோர் சிலரும் இதையே வேறு சொற்களில் கேட்கிறார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் வாரம் இரண்டு முறை, மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தருகே படுத்துக் கிடக்கிறார்கள். அறுவை செய்யும் மருத்துவருக்குக் கட்டணம் உண்டு; ஆஸ்பத்திரிக்கு வாடகை உண்டு; மருந்துக் கம்பெனிக்கு லாபம் உண்டு; உறுப்பைக் கொடுப்பவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்பது என்ன நியாயம்? தடை போட்டதால்தானே தரகன் தழைக்கிறான்? சட்டப்படி விலை வைத்துவிட்டால் ஏழைக்கும் நாலு காசு சேருமே! இதுதான் அவர்கள் வாதம். இதில் வலுவே இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ஏட்டில் நிற்கிற வாதம் நாட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

1980-களில் சென்னை வில்லிவாக்கத்து ஏழைகள் பலர் சிறுநீரகம் விற்றார்கள். ஊரின் பெயரையே திரித்துக் ‘கிட்னிவாக்கம்’ என்று பேசுமளவுக்கு விற்றார்கள். தடைச்சட்டம் 1994-இல்தான் வந்தது. பின்னர், 2001 பிப்ரவரியில், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்து ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். முடிவு 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. 305 பேரில் 292 பேர் கடனை அடைக்கவே விற்றவர்கள். அந்த 292 பேரில் 216 பேருக்கு, விசாரித்த அன்றும் கடன் இருந்தது! விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தரகனும் மருத்துவமனையும் சொன்னது ஒரு தொகை, கொடுத்தது அதைவிடக் குறைந்த தொகை. குடும்ப வருமானம் சராசரி மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். “பிறரையும் விற்கச் சொல்வீர்களா?” என்ற கேள்விக்கு, பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு 79 பேர் “மாட்டோம்” என்றார்கள்.

உடம்பு போயிற்று; கடன் போகவில்லை. ஏன்? கூலி போதாத வீட்டில் கடன் என்பது வயலில் முளைத்த கோரை. மேலோடு அறுத்தால் கிழங்கு போகுமா? மறு மழைக்கு மறுபடியும் தலைநீட்டும். முதல் தடவை அறுக்க ஒரு சிறுநீரகம் இருந்தது. அடுத்த தடவைக்கு எதை அறுப்பது?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இன்று கந்துவட்டிக்காரன் வீட்டுப் பத்திரம் கேட்கிறான், நகை கேட்கிறான். உடம்பைக் கேட்க அவனுக்குச் சட்டத்தில் வழியில்லை. சட்டம் விலை வைத்துவிட்டால் மறுநாளே வாசலில் நின்று என்ன சொல்வான்? “இரண்டு இருக்கிறதே, ஒன்றைக் கொடுத்து அடை, இல்லாதவன் போலப் பேசாதே” என்பான். அதுவரை சொத்தில்லாதவனாக இருந்தவன் அன்று முதல் சொத்தை ஒளிப்பவனாகிவிடுவான். விற்கலாம் என்ற உரிமை, விற்றே தீரவேண்டும் என்ற கட்டாயமாகிவிடும். மனைவியின் சிறுநீரகத்துக்கும் கணக்குப் போடுவார்கள். வில்லிவாக்கத்துப் பெண்களைக் கேளுங்கள்!

“அவனே சம்மதிக்கிறானே” என்பார்கள். முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்த கொத்தடிமையும் சம்மதித்துத்தான் வைத்தான். அந்தச் சம்மதம் செல்லாது என்று 1976-இல் சட்டம் வந்தது. அதனால் ஏழையின் சுதந்திரம் குறைந்தா போயிற்று? பசி பிடித்துத் தள்ளும்போது போடுகிற கையெழுத்து பசியின் கையெழுத்து, மனிதனின் கையெழுத்தல்ல.

தடை மட்டும் போதுமா என்றால், போதாது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துத் தரகர்கள் நடத்திய சிறுநீரக வாணிபம் அம்பலமாயிற்று. சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன்வர வேண்டியதாயிற்று. சொந்தமல்லாதவரும் அன்பின் காரணமாக உறுப்புத் தரலாம். அனுமதிக் குழு ஒப்புதல் தர வேண்டும் என்கிறது சட்டம். முன்பின் பார்த்திராத செல்வந்தர்மீது கடன்பட்ட தறித்தொழிலாளிக்குத் திடீரென அன்பு பொங்குகிறதாம்! அந்தச் செல்வந்தருக்கு இவன்மீது ஒருநாளும் பொங்காத அன்பு! காகிதத்தைப் பார்த்த குழுக்கள் கண்ணைப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்காதா?

பள்ளிபாளையம் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்றிருக்கலாமா? தரகன் ஊர்ப்பெயர் பார்த்து வருகிறவனல்லன். கடனைப் பார்த்து வருகிறவன். அறுப்புக் கூலி நின்ற நாளில், விடியுமுன் ஜீப்பேறி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் பெண்களைப் பார்த்தும் வருவான்.

ஈரானில் 1988 முதல் அரசே முறைப்படுத்தி விலை கொடுக்கிறதே என்பார்கள். அங்கே நோயாளிகள் காத்திருப்பது குறைந்தது மெய்தான். ஆனால் கொடுத்தவர் யார்? பெரும்பாலும் ஏழைகள். அரசு மேற்பார்வையில் நடந்தாலும் கத்தி படுவது பெரும்பாலும் இல்லாதவன் உடம்பில்தான்!

அப்படியானால் நோயாளி சாக வேண்டியதுதானா? இல்லை. ஒரு காலத்தில் இரத்தமும் விலைக்கு வந்தது. விற்பவன் வேண்டாம் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காசில்லையென்றால் யார் கொடுப்பார் என்று கேட்டார்கள். இன்று தலைவர் பிறந்தநாளென்றால் வரிசையில் நின்று இரத்தம் கொடுப்பவர் யார்? நம் தோழர்களல்லவா!

அதே வழிதான் இதற்கும். 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அது தமிழ்நாட்டுக்கே கண்திறப்பாயிற்று. 2023 செப்டம்பரில், உறுப்பு தந்தவருக்கு அரசு மரியாதை உண்டு என்று முதலமைச்சர் அறிவித்தார். சில நாட்களுக்குள் அந்த மரியாதை எங்கே நடந்தது? நம் பக்கத்துச் சின்னமனூரில்! விபத்தில் இறந்த அரசு ஊழியர் ஒருவரின் குடும்பம், அழுத கண்ணோடு சம்மதம் தந்தது. காசு பேசவில்லை; மனிதம் பேசிற்று.

ஆகவே நாம் கேட்பது இவை. விற்ற ஏழையையும் தண்டிக்கிறது இன்றைய சட்டம். அதனால் அவன் வாய் திறக்க அஞ்சுகிறான், தரகன் தப்புகிறான். ஏழைக்குப் பாதுகாப்புக் கொடு. தரகனையும் அவனுக்குக் கதவு திறந்த மருத்துவமனையையும் பிடி. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் உண்டு. அதைக் காவல் நிலையத்து அலமாரியிலிருந்து வெளியே எடு. கூட்டுறவுக் கடன் கூலிக்காரன் கைக்கும் எட்டட்டும். உறவினருக்குச் சிறுநீரகம் தரும் தொழிலாளிக்கு, படுத்திருக்கும் நாட்களின் கூலியும் ஆயுள் முழுதும் மருத்துவக் கவனிப்பும் கொடு. அது விலையல்ல, நன்றி. தானமாக வந்த உறுப்பு, பணக்காரன் படுக்கைக்கு மட்டுமல்ல, அரசு ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் போய்ச் சேரட்டும்.

தோழர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயரைப் பதியுங்கள். பதிந்ததை வீட்டாரிடமும் சொல்லுங்கள். அந்த நாளில் சம்மதம் தர வேண்டியவர்கள் அவர்கள்தாம். தரகன் தெருவில் நுழைந்தால் அவனுக்குமுன் கிளைத் தோழர் அந்த வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும்.

வரப்பேறிக் கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான்: உடம்பு உம்முடையது, ஐயமில்லை. ஆகவேதான் அதன்மேல் கடன்காரன் கைவைக்க விடமாட்டோம் என்கிறோம்.