வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்போம்

தினமும் அதே ரயில், அதே யன்னல். கிழக்கு லண்டனில் வாழும் எம்மில் பலருக்கு வேலைக்குப் போய்வரும் நேரம் கைத்தொலைபேசியைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. எமது இளையோர் சிலரோ யன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். டி.எல்.ஆர். ரயிலின் பொன்டூன் டொக் நிலையத்துக்கு அருகே நிற்கும் மிலேனியம் மில்ஸ் என்ற பழைய மாவாலையைப் படம் பிடிக்கிறார்கள். 1981இல் துறைமுகம் மூடப்பட்டபின் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்த கட்டடம் அது.

இது நல்ல பழக்கம் என்பதே எமது கருத்து. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பான நடை வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். படம் எடுக்கவென ஒரு தரிப்பு முன்னதாக இறங்கி, போகும்போது 15 நிமிடமும் வரும்போது 15 நிமிடமும் நடந்தால், ஐந்து வேலை நாட்களில் அது நிறைவேறிவிடும். வேலை அலுப்போடு வீட்டுக்குள் நுழையாமல், மனமும் சற்று ஆறும்.

ஆனால் வேலி தாண்டி உள்ளே போவதை நாம் ஏற்கமாட்டோம். இடிந்து விழும் தளங்கள் கண்ணுக்குத் தெரியும். அஸ்பெஸ்ரஸ் தூசு தெரியாது. இந்த ஆலையில் இருந்த அஸ்பெஸ்ரஸை அகற்றுவதற்காக 2015இல் அரசே நிதி ஒதுக்க வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் அஸ்பெஸ்ரஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முன் கட்டப்பட்ட எந்தக் கட்டடத்திலும் அது இருக்கலாம்.

"ஊரில் அஸ்பெஸ்ரஸ் சீற்றின் கீழ்தானே வளர்ந்தோம்?" என்று சிலர் கேட்பதுண்டு. உடையாத சீற்றால் வரும் ஆபத்துக் குறைவு. உடைத்தால், துளையிட்டால், உக்கி உதிர்ந்தால் நுண்ணிய இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயோ 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டலாம். துணியால் மூக்கை மூடிக்கொள்வது காப்பாகாது. பழைய கடைகளை வாங்கித் திருத்தும் எம்மவரும் இதை மனதில் வைக்கவேண்டும். சோதித்துப் பார்க்காமல் சுவரிலோ கூரையிலோ கைவைக்க வேண்டாம்.

ஒருமுறை உள்ளே போய்வந்தவர்கள் பதற வேண்டியதில்லை. அதிகமாகவும் நீண்டகாலமாகவும் சுவாசிப்பவர்களுக்கே ஆபத்துக் கூடுகிறது. ஆனாலும் இனிப் போகாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளைகளின் கமெராவைப் பறிக்காதீர்கள். எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதே சில்வர்டவுனில் 1917 ஜனவரி 19ஆம் திகதி வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்து 73 பேர் இறந்ததையும் சொல்லிக் கொடுங்கள். உழைத்தவர்கள் உயிரை விலையாகக் கொடுத்த மண் அது. அதைப் படம் எடுக்கப்போய் எமது பிள்ளைகளும் விலை கொடுக்கக்கூடாது.