மாத்திரையில் என்ன கௌரவம்?



நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அந்த நிவாரணம் ஏழையின் கைக்கு எட்டவில்லையெனில், குறை மனிதர்களாகிய நம்மிடமே இருக்கிறது.

மருந்து எட்டாமல் போவதற்கு முதற்காரணம் விலை. எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கான ஓராண்டுக் கூட்டு மருந்து ஒரு காலத்தில் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்றது. ஆப்பிரிக்காவில் ஏழைகள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். க்வாஜா அப்துல் ஹமீத் 1935இல் நிறுவிய சிப்லா நிறுவனம், அவர் மகன் யூசுஃப் ஹமீத் தலைமையில், 2001இல் அம்மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. நம் சென்னையிலும் இத்தகைய போர் நடந்தது. கிளிவெக் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இப்படிப் போராடிப் பெற்ற மலிவு மருந்தை, காணை போன்ற ஊர்களில் வாழும் நாம் என்ன செய்கிறோம்? “இலவச மாத்திரை வேலை செய்யாது” என்று ஒதுக்குகிறோம். விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறி, அதே மூலப்பொருள் அடங்கிய மாத்திரையைப் பளபளக்கும் அட்டைக்காகப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். கையில் பணம் தீர்ந்ததும் மாத்திரையையே நிறுத்திவிடுகிறோம். இது கௌரவமா? இல்லை, உடல் என்னும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்புகிறது. வந்திறங்கும் சரக்கின் மாதிரிகள், தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, ஆய்வகங்களில் சோதிக்கப்படுகின்றன. பிற மாநிலங்கள் இம்முறையைப் பின்பற்றின. நாமோ வீட்டு வாசலில் இருப்பதை இகழ்கிறோம். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதையும் வாங்கி அலமாரியில் போட்டு வைப்போர் நம்மில் உண்டு.

அரசு நிலையங்களில் மருந்து இருப்புத் தீர்ந்துபோவது உண்மைதான். ஆனால் அதற்குத் தீர்வு ஒதுங்கிப் போவதன்று, கேட்பது. 104 எண்ணில் கேட்க வேண்டும். கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். வசதியுள்ளோர் விலகிக்கொண்டால், குரலற்ற ஏழைக்காகக் கேட்பார் யார்? மருத்துவர்கள் பொதுப்பெயரிலேயே மருந்து எழுத வேண்டும் என்ற தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி 2023 ஆகஸ்டில் வெளியாகி, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதைக் குறித்து நம் மேடைகளில் எத்தனை பேர் பேசினோம்?

நம் ஜமாஅத்துகளிடமும் ஒன்று கேட்கிறோம். சிறுநீரகம் செயலிழந்தவருக்காக ஜும்ஆவில் வசூல் செய்கிறோம். அது நன்மையே. ஆயினும் அந்தச் சிறுநீரகத்தைக் கெடுத்தது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். அன்றே சில ரூபாய் மாத்திரை தவறாமல் சென்றிருந்தால் இன்று இலட்சங்கள் தேவைப்பட்டிருக்குமா? பைத்துல்மாலில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்குங்கள். மஹல்லாவில் யார் எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று மாதந்தோறும் விசாரியுங்கள். நிலையத்தில் இல்லாத மருந்தை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கிக் கொடுங்கள். பெண்களிடம் கேட்கப் பெண்களையே அனுப்புங்கள்; தம் மாத்திரையை முதலில் நிறுத்துபவர்கள் நம் தாய்மார்களே.

ஜனாஸாவுக்குத் திரளும் நாம், மாத்திரைக்காக ஒரு கதவைத் தட்டுவோம். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.