மானியம் சோறு போடாது, ஆர்டர்தான் போடும்

ராணுவத்துக்குப் புதிய கருவி கண்டுபிடிக்கும் சிறு கம்பெனிகளைப் பற்றி வரும் செய்திகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு மேடை, ஓர் அமைச்சர், கையில் ஒப்பந்தக் கோப்போடு சிரித்தபடி இரண்டு இளைஞர்கள். அடுத்த வருடமும் அதே போல ஒரு மேடை, வேறு இளைஞர்கள். போன வருடம் மேடை ஏறியவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் கதைச் சுருக்கம். 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் ராணுவக் கண்காட்சி நடந்தது. ‘ஐடெக்ஸ்’ என்ற திட்டத்தைப் பிரதமர் அங்கேதான் தொடங்கி வைத்தார். முப்படைகளும் தங்கள் பிரச்சினைகளைப் பட்டியல் போட்டு வெளியிடும். ஸ்டார்ட்-அப்களும் சிறு, குறு நிறுவனங்களும் அவற்றுக்குத் தீர்வு சொல்லலாம். தேர்வானால் முன்மாதிரி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை மானியம். பின்னர் 10 கோடி வரை தரும் ‘ஐடெக்ஸ் பிரைம்’ வந்தது. 2024-ல் 25 கோடி வரை தரும் ‘அதிதி’ வந்தது. நடுவில், 2019 ஜனவரியில், சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைக்கும் ராணுவத் தொழில் வழித்தடமும் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி கணக்கைப் பார்ப்போம்.

2025 பிப்ரவரி வரை ஐடெக்ஸில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் 430 என்கிறது அரசு. படைகளுக்காக வாங்க வழி செய்யப்பட்ட பொருட்கள் எத்தனை? 43. மதிப்பு 2,400 கோடிக்கு மேல். பத்துக்கு ஒன்று!

மீதி ஒன்பதும் தோல்வி என்று சொன்னால் அது அநியாயம். பல திட்டங்கள் அப்போது ஆய்வு நிலையிலேயே இருந்தன. ராணுவக் கருவி ஒன்றும் ஆறு மாதத்தில் வெந்து இறங்கும் பண்டமல்ல. ஆனால் அந்த ஒன்பதில் எது வேலை நடக்கும் நிலையில் இருக்கிறது, எது சோதனைக்குக் காத்திருக்கிறது, எது சத்தமில்லாமல் செத்துவிட்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா? மொத்த எண்ணிக்கை மட்டும் மேடைக்கு மேடை வளர்ந்துகொண்டே போகிறது.

இந்தக் காத்திருப்புக்கு என்ன விலை? கோவையில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பம்ப் உதிரிபாகம் செய்து பிழைப்பவர். ட்ரோனைக் கண்டறியும் ஒரு கருவிக்கு யோசனை கொடுத்துத் தேர்வாகிறார். அடிப்படை மானியம், வளர்ச்சிச் செலவில் பாதி வரைக்கும்தான். 3 கோடி ஆகும் வேலைக்கு 1.5 கோடி வரும். மீதி 1.5 கோடிக்கு வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் ஒன்றரை லட்சம். முன்மாதிரி தயாராகி, சோதனை, மறுசோதனை, கோப்பு, கையெழுத்து என்று இரண்டு வருடம் ஓடினால் வட்டி மட்டும் 36 லட்சம். அதற்குள் வேலை தெரிந்த இரண்டு இன்ஜினியர்கள் பெங்களூருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள்.

பெரிய கம்பெனிக்கும் இதே தாமதம் உண்டுதான். அதற்குத் தாங்கிக்கொள்ள வேறு பத்துத் தொழில் இருக்கும். சின்னப் பட்டறைக்கு நடைமுறை மூலதனம்தான் மூச்சுக்காற்று.

நம் ராணுவக் கொள்முதலில் ‘நோ காஸ்ட், நோ கமிட்மென்ட்’ என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. விற்பவர் தன் செலவிலேயே கருவியைப் பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்துக் காட்ட வேண்டும். வாங்குவதாக எந்த உறுதியும் கிடையாது. யாருக்கு ‘நோ காஸ்ட்’ என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள் :-)

“பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளுக்கு விற்கலாமே” என்பார்கள். யாருக்கு? ட்ரோனை முடக்கும் கருவியைக் காந்திபுரத்தில் கடை போட்டு விற்க முடியுமா? வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வெளிநாட்டுக்காரன் கேட்கும் முதல் கேள்வி, “உங்கள் ராணுவமே வாங்கவில்லையா?” என்பதுதான். பொருளாதாரப் பாடத்தில் ஒரே விற்பனையாளர் இருக்கும் சந்தையைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். ஒரே வாங்குபவர் இருக்கும் சந்தையை ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறோம். திருச்சிக்காரர்களைக் கேட்டால் அந்தப் பாடத்தை முழுசாகச் சொல்வார்கள். அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன் ஆர்டர்கள் குறைந்தபோது, பெல் தொழிற்சாலையை மட்டுமே நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எத்தனை வெறிச்சோடின என்று அந்த ஊருக்குத் தெரியும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் ‘பேங்க் ரேட்’ போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017-ல் ‘சமாதான்’ என்ற இணையதளமும் வந்தது. ஆனால் தனக்கிருக்கும் ஒரே வாடிக்கையாளர் மீது எந்த வியாபாரி புகார் கொடுப்பார்? கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா?

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. 1982-ல் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் வைத்திருக்கும் துறைகள் வெளியே தரும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கச் சொன்னது. 2017 முதல் அந்தப் பங்கு 3.2 சதவீதம். இதில் மிகப் பெரிய தொகை ராணுவத்துடையது. மூன்று கட்டங்கள்: சாத்தியமா என்று பார்ப்பது, முன்மாதிரி செய்வது, சந்தைக்குக் கொண்டுபோவது. முதல் இரண்டுக்கும் திட்டத்தின் பணம் உண்டு. மூன்றாவதற்குக் கிடையாது. அந்த இடைவெளிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மரணப் பள்ளத்தாக்கு’. அதைக் கடக்க முடியாமல் சிலர் மாண்டார்கள். சிலர் கடக்கவே விரும்பாமல் வருடா வருடம் மானியம் வாங்கியே தொழில் நடத்தினார்கள். ‘ஆலைகள்’ என்று கேலி செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. 2025 செப்டம்பரில் அந்தச் சட்டம் காலாவதியாவதற்கு முன் நடந்த சண்டையில் இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. முதல் இரண்டு கட்டங்களில் தேறிய நிறுவனத்துக்கு மூன்றாம் கட்ட ஆர்டரை மறுபடியும் போட்டி நடத்தாமல் நேரடியாகவே தரலாம். நாமும் நடைமுறையைச் சுருக்கியிருக்கிறோம், மறுக்கவில்லை. சென்னையின் பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் ட்ரோன் எதிர்ப்புக் கருவிக்கு 200 கோடிக்கும் மேல் ஆர்டர் பெற்றது இதே ஐடெக்ஸ் வழியாகத்தான். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஒருவருக்கு முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் அபூர்வமாகவே இருக்க வேண்டும்?

“இரக்கப்பட்டு மட்டமான சரக்கை வாங்கச் சொல்கிறீர்களா? எல்லையில் நிற்பவன் உயிர் என்ன ஆவது?” என்று கேட்பார்கள். சரியான கேள்வி. மட்டமான சரக்கைத் தாராளமாக நிராகரிக்கட்டும். ஆனால் தேதி சொல்லி நிராகரிக்கட்டும், காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். ‘இல்லை’ என்று சொன்னால் வியாபாரி வேறு வேலை பார்ப்பான். ‘பார்க்கலாம்’ என்ற சொல்தான் அவனைக் கொல்கிறது. எல்லையில் நிற்பவனுக்கும் நல்ல கருவி வந்து சேராமல் போவது இந்த இழுத்தடிப்பில்தான்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி. ஐடெக்ஸுக்கும் அதிதிக்கும் சேர்த்து 449.62 கோடி. பத்தாயிரம் ரூபாயில் ஆறு ரூபாய் அறுபது காசு.

கேட்பது நாலே விஷயம். பிரச்சினையை அறிவிக்கும்போதே, தேறினால் குறைந்தது இத்தனை வாங்குவோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். சோதனைச் செலவை வாங்குபவரே ஏற்கட்டும், அதற்கு முடிவு தேதியும் இருக்கட்டும். 45 நாள் தாண்டினால், புகாருக்குக் காத்திராமல் வட்டி தானாகவே கணக்கில் ஏறட்டும். ஒவ்வொரு ஒப்பந்தமும் எந்த நிலையில் இருக்கிறது என்று வருடம் ஒருமுறை வெளியிடுங்கள்.

இதைச் செய்தால் மேடையும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். பட்டறைக்காரர் வீட்டுப் பத்திரம் வங்கியிலிருந்து திரும்பி வந்தால் போதும்.