தாட்சண்யத்திற்கும் ஓர் எல்லை உண்டு

ஜவ்வாது மலைச்சாரலை அடுத்த கலசப்பாக்கத்திற்கு ஆண்டுதோறும் ரதசப்தமியன்று செய்யாற்றுத் தீர்த்தவாரிக்காக அண்ணாமலையார் எழுந்தருள்கிறார். இத்தகைய விசேஷங்களில் கூடும் பந்துக்கள் க்ஷேமலாபங்களை விசாரித்து, கல்யாணப் பேச்சையும் விளைச்சல் பேச்சையும் முடித்துக்கொண்ட பின்னர், அவர்களில் ஒருவர் மற்றவரை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று, "ஒரு கையெழுத்துதானே மாமா, உங்களை விட்டா வேற யார் போடுவாங்க?" என்று கேட்பதும், மனம் ஒப்பாமலேயே மாமா தலையசைப்பதும் நம் நாட்டில் எங்கும் காணக்கூடிய காட்சியே.

ஆனால் பிறர் கடனுக்கு ஜாமீனாக இடும் அந்தக் கையெழுத்துக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தரும் பொருள் அற்பமானதன்று. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, கடன்பட்டவருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது அதன் 128ஆவது பிரிவு; வாங்கியவரிடம் வசூலித்துப் பார்த்த பிறகுதான் இவரிடம் வரவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் கடன் கொடுத்தவருக்கு இல்லை. நோட்டீஸ் வந்த அன்று மாமா மருமகன் வீட்டு வாசற்படி மிதிப்பதை நிறுத்திவிடுகிறார். எந்த உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்சிக் கையெழுத்திட்டாரோ, அந்த உறவே அக்கையெழுத்தால் முறிகிறது.

இதனினும் கொடியது நகை விவகாரம். நாத்தனார் கல்யாணத்திற்கோ மைத்துனன் வியாபாரத்திற்கோ அடகு வைக்க வேண்டுமென்று, கூடத்தில் எல்லோரும் வீற்றிருக்க மாமியார் கேட்கும்போது, மருமகள் உள்ளே போய் வளையலைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுப்பதைச் சம்மதம் என்று சொல்வது நியாயமாகுமா? சீதனம் மனைவியின் தனிச்சொத்து என்று 1985ஆம் ஆண்டிலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும், அந்த உரிமை கூடத்தில் வாய் திறக்கத் துணிவதில்லை.

இப்படி ஆளாளுக்குக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் சொந்தபந்தம் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கலாம். வங்கிகள் எட்டிப்பாராத காலத்தில் ஏழைக் குடும்பங்களைக் கரையேற்றியது உற்றார் உறவினரின் பரோபகாரமே என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும் தன்னால் தாங்கக்கூடிய நஷ்டத்தை அறிந்து ஏற்பவன் செய்வது உதவி. மறுக்க வழியின்றி ஏற்பவன் செய்வதோ தண்டம் கட்டுவது. பின்னதில் அன்பு வளர்வதில்லை, மனஸ்தாபமே வளர்கிறது.

ஆகவே, பத்திரம் கைக்கு வரும்வரை காத்திராமல், "ஜாமீன் போடறதில்லைன்னு வெச்சிருக்கேன் தம்பி, என்னால முடிஞ்ச பத்தாயிரத்தை வாங்கிக்கோ, திரும்பி வந்தா சந்தோஷம்" என்று கேட்ட கணமே சொல்லிவிடுவதுதான் விவேகம். கேட்பவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு: நாலு பேர் முன்னிலையில் கேளாமல் தனியே கேட்பதும், மறுமொழிக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுப்பதும், இல்லை என்று வந்தால் அதை அடுத்த விசேஷத்தில் குத்திக்காட்டாமல் இருப்பதும் வயதில் மூத்தவர்களே முதலில் பழகிக் காட்டவேண்டிய மரியாதைகள்.