ஆஷ்ட்ரே போச்சு... விளக்கு நிக்குது!

'எனக்கு டிராயிங்தான் உசுரு. அப்பா கேக்கவே மாட்டேங்கறார்'னு கேன்டீன்ல உக்காந்து புலம்பற கோஷ்டியா நீங்க? அப்படின்னா, இந்த வாரம் ஒரு மேஜை விளக்கோட கதை உங்களுக்காக!

விளக்கு பேரு 'ஏஜே'. அதை டிசைன் பண்ணின டென்மார்க் ஆர்க்கிடெக்ட் ஆர்னே யாகோப்சனின் இனிஷியல்தான் அது. 1902-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். ஓவியர் ஆகணும்னு ஆசை. 'ஆர்க்கிடெக்ட் ஆனாத்தான் சோத்துக்குப் பஞ்சம் வராது' என்பது அப்பாவின் கட்சி. பையன் அப்பா பேச்சைக் கேட்டார். படிக்கும்போதே, 1925-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு நாற்காலி டிசைனுக்கு வெள்ளிப் பதக்கம்!

எல்லாம் நல்லாப் போயிட்டிருந்தப்ப, 1940-ல் ஹிட்லரின் படை டென்மார்க்கைப் பிடிச்சது. யாகோப்சன் யூத வம்சம். 1943 அக்டோபரில் யூதர்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. ஏழாயிரத்துக்கும் மேலானவங்க கடல் தாண்டி சுவீடனுக்குத் தப்பினாங்க. யாகோப்சனும் மனைவி யோன்னாவும் ஏறினது ஒரு சின்னத் துடுப்புப் படகு. கூட வந்தவர் யார் தெரியுமா? பவுல் ஹென்னிங்சன். பல்பு கண்ணைக் கூசாதபடி அடுக்கடுக்கா மூடி வெச்சு, 1920-களிலேயே விளக்கு செஞ்சு பேர் வாங்கினவர். உலகமே கொண்டாடப்போற ரெண்டு விளக்கு மன்னர்கள், உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரே படகுல!

சுவீடனில் அகதி வாழ்க்கை. கட்டட வேலை அவ்வளவா இல்லை. யோன்னாவுக்குத் துணியில் அச்சடிக்கும் கலை தெரியும். இவர் செடி, கொடி, பூன்னு வரைஞ்சு தள்ள, அதெல்லாம் துணியாவும் வால்பேப்பராவும் ஆச்சு. அப்பா வேண்டாம்னு சொன்ன பெயின்டிங்தான் அந்தக் கஷ்ட காலத்துல கைகொடுத்தது!

போர் முடிஞ்சதும் ஊர் திரும்பினார். 1950-களில் பெரிய சான்ஸ். கோபன்ஹேகனில் எஸ்ஏஎஸ் விமான கம்பெனிக்கு 22 மாடி ஹோட்டல். கட்டடத்தோட விட்டாரா மனுஷன்? முட்டை மாதிரி ஒரு நாற்காலி, அன்னம் மாதிரி ஒரு நாற்காலின்னு எல்லாத்தையும் தானே வரைஞ்சார். அவர் டிசைன் பண்ணின ஸ்பூனும் ஃபோர்க்கும் பிற்பாடு, 1968-ல், '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துல விண்வெளிக்கே போச்சு!

நம்ம ஏஜே விளக்கும் அந்த ஹோட்டலுக்காகப் பிறந்ததுதான். உயரம் 56 செ.மீ. ஒரு குழாயையும் பாதிப் புனலையும் ஒண்ணா ஒட்டின மாதிரி மூடி. இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது. மூடியை மேலே கீழே சாய்க்கலாம். வெளிச்சம் நீங்க படிக்கிற பக்கத்துல மட்டும் விழும். ரூம்மேட் நிம்மதியாத் தூங்கலாம்!

அடிப்பாகத்துல வட்டமா ஓர் ஓட்டை. எதுக்கு? ஆஷ்ட்ரே வைக்க! அந்தக் கால ஹோட்டல் ரூம்ல சிகரெட் இல்லாம இருக்குமா? இப்ப ஆஷ்ட்ரே காணாமப் போச்சு. ஓட்டை மட்டும் அழகுக்குன்னு அப்படியே இருக்கு.

ஹோட்டல் 1960-ல் திறந்தது. கண்ணாடிப் பெட்டின்னு ஊரே கிண்டல் பண்ணிச்சு. யாகோப்சன் 1971-ல் காலமானார். பிற்பாடு ஹோட்டலின் மத்த அறைகளெல்லாம் மாறிப்போச்சு. 606-ம் நம்பர் அறையை மட்டும் அவர் வெச்ச மாதிரியே பாதுகாக்கறாங்க. விளக்கு இன்னமும் தயாராகுது, விக்குது.

அதனால மக்களே, இன்ஜினீயரிங் சீட் கிடைச்சாப் போய்ச் சேருங்க. அப்பாகிட்ட சண்டை வேணாம். ஆனா, டிராயிங் நோட்டைப் பரண்ல மட்டும் போட்டுடாதீங்க. எந்தக் கரையில் இறங்கும்போது அது தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?