நாக்கு சொல்லும் சாட்சி போதுமா?

பொழுது புலருமுன் காந்தி மார்க்கெட்டில் லாரிகள் வந்து நிற்கின்றன. வெங்காய மூட்டை முதுகேறுகிறது. காய்கறிக் கூடை தலையேறுகிறது. பாடுபடுகிறவனைச் சர்க்கரை நோய் அண்டாது, அது பஞ்சணைச் சீமானின் நோய் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சு பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உண்டெனக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர். மூட்டை சுமக்கும் தோழரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்.

அவரைத் தேடி ஒரு குரல் வருகிறது. "ஒரு மண்டலம் சாப்பிடுங்கள்! ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம்!" என்று பொட்டலத்தை நீட்டுகிறது. சாட்சி கேட்டால் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லச் சொல்கிறார்கள். மென்றபின் சீனியை வாயிலிட்டால் மணலைப் போல் இருக்கிறது. "பார்த்தீர்களா, சர்க்கரை செத்தது!" என்கிறார்கள்.

இலை பொய் சொல்லவில்லை. அதிலுள்ள சத்து, நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைச் சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. ஆனால் நாம் கேட்கிறோம்: மறைந்தது நாக்கின் இனிப்பா, இரத்தத்தின் இனிப்பா? நாக்கை ஏமாற்றலாம்; இரத்தத்தை ஏமாற்ற முடியுமா?

நாம் நாட்டு மருந்துக்குப் பகைவர் அல்ல. ஆவாரம்பூவும் நாவல் கொட்டையும் பாகற்காயும் நம் முன்னோர் தேடிவைத்த செல்வம். வெந்தயத்தின் நார்ச்சத்து, உண்ட உணவின் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. சிறுகுறிஞ்சானைப் பற்றிய சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆயினும், இவற்றை உண்டு மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று எவரும் மெய்ப்பித்ததில்லை. திருச்சியின் அரசு மருத்துவக் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? 'தமிழ் மருந்துகள்' நூலை எழுதிய கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரை! மூலிகையும் மருத்துவமனையும் பகையல்ல.

ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் காலேகா என்றொரு செடி இருந்தது. அதன் சத்தைப் பிரித்தார்கள். நஞ்சு என்று கண்டு ஒதுக்கினார்கள். அதற்கு உறவான பொருளை 1922-ல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து, கண்ட பலனை வெளியிட்டார். அதுதான் இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை. செடியில் பிறந்ததுதான், ஆனால் சோதனை என்னும் நெருப்பில் புடம் போட்டது. பொட்டலக்காரர் எந்தச் சோதனையைக் காட்டுகிறார்?

மாத்திரையை நிறுத்தியவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. நாளடைவில் பாதத்தின் உணர்ச்சி மங்கும். வெறுங்காலில் குத்திய ஆணி வலிக்காது. புண் ஆறாது, விரலில் தொடங்கிக் காலையே எடுக்கும் நிலை வரும். காலையும் தோளையும் தவிர வேறு மூலதனம் இல்லாதவர் வீட்டில் பிறகு உலை எப்படிக் கொதிக்கும்? இன்சுலினை நம்பி வாழும் குழந்தைக்கு ஊசியை நிறுத்தினால் உயிரே போகும். மாத்திரையோடு பொடியையும் சேர்த்து விழுங்கினாலோ, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, மூட்டையோடு மயங்கி விழ நேரும்.

சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டில் இருக்கும் சட்டம் மார்க்கெட்டுக்கும் வரட்டும்!

தொழிலாளி ஏன் பொட்டலத்தை வாங்குகிறார்? அறியாமை மட்டுமா காரணம்? இல்லை. மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகிறது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்லும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கியது இதனால்தான். வீட்டுக்கு வந்த மருத்துவம் வேலைத்தளத்துக்கும் வரவேண்டும். லாரி இறங்கும் வேளையில், வெறும் வயிற்றிலேயே, மார்க்கெட் வாயிலில் வாரம் ஒருநாள் இரத்தச் சோதனை நடக்கட்டும். தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.

தோழர்களே! பாகற்காய் வாங்குங்கள், வெந்தயம் ஊறவையுங்கள். குடிநீரோ பொடியோ உண்பதானால் புத்தூர் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் சொல்லிவிட்டு உண்ணுங்கள். அவர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். "48 நாளில் தீரும்" என்பவரிடம் ஒன்றே கேளுங்கள்: "உண்பதற்கு முன் இரத்தத்தில் எவ்வளவு, உண்ட பின் எவ்வளவு? காகிதத்தில் காட்டு!"