பிள்ளை கைக்கு அடங்காத வாத்தியமா?

கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டில் பிள்ளைக்குச் செல்லோ கற்றுத்தரலாமா என்று பேச்செடுத்தால் வரும் பதிலைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: "அது ஆளுயரம் இருக்குதுங்க. முதல்ல வயலின் கத்துக்கட்டும், வளர்ந்தப்புறம் பாத்துக்கலாம். நம்ம பாட்டுக்கும் அது ஒத்துவராது. மெட்ராஸ்ல காசு உள்ளவங்க சமாச்சாரம் அது." ஒரே மூச்சில் நான்கு தடை. மூன்று நிற்காது. நான்காவதில் பாதி உண்மை இருக்கிறது.

ஆளுயரம் என்பது பெரியவர்களின் செல்லோ. அரை, கால், அரைக்கால் என்று பிள்ளைகளின் உடம்புக்கேற்ற அளவுகளில் அது கிடைக்கிறது. முழு செல்லோவின் உடல் சுமார் 75 சென்டிமீட்டர். கால் அளவு 58 சொச்சம்தான். 7 வயதுப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் பட, அதை மார்பில் சாய்த்துக்கொள்ளலாம். மோவாயில் இடுக்க வேண்டியதில்லை, கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

"முதலில் வயலின்" என்பதுதான் கேட்க நியாயமாகவும், செய்தால் அதிகம் கெடுப்பதாகவும் இருக்கும் யோசனை. வயலினில் அடுத்தடுத்த இரு விரல்கள் ஒரு முழுச்சுரத்தை எளிதாக எட்டும். செல்லோவின் கழுத்தருகே அதே விரல்களுக்கு இடையே அரைச்சுரம்தான். வயலினில் வில் பிடித்த கைக்குப் பக்கத்தில் மெல்லிய தந்தி. செல்லோவில் தடித்த தந்தி. இடது கட்டைவிரல் நிற்கும் இடமும் வேறு. மூன்று வருடம் வயலின் பழகிய கை செல்லோவுக்கு வந்ததும் பழகியதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும். காதுக்குக் கிடைத்த சுருதி ஞானம் வீண்போகாது, உண்மை. அதற்குப் பாட்டு வகுப்பே போதுமே!

நம் பாட்டுக்கு ஒத்துவராதா? வயலினும் கப்பலில் வந்ததுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். நம்மவர்கள் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்கால் மேல் சாய்த்துக்கொண்டார்கள். வீணையில் இருப்பதுபோன்ற மெட்டு செல்லோவுக்கும் கிடையாது. விரல் வழுக்கினால் கமகம். டச்சுக்காரரான சாஸ்கியா ராவ் டி ஹாஸ் தரையில் உட்கார்ந்து இந்துஸ்தானி வாசிக்கத் தோதாகச் சிறிய செல்லோ ஒன்றையே செய்வித்துக்கொண்டார். சென்னையில் வி.எஸ்.நரசிம்மனின் நால்வர் குழு கர்நாடக கீர்த்தனைகளை வாசித்தபோது அடித்தளமாக நின்றது செல்லோ. இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இனி காசு. ஏ.ஆர்.ரகுமானின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் கட்டணமில்லாமல் தந்தி வாத்தியங்கள் கற்கிறார்கள். ஆனால் அது சென்னையில். அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் வயலின் உண்டு, செல்லோ இல்லை. ஆகவே தனி ஆசிரியர்தான் வழி, அவரும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். வீடியோ வகுப்பு கைகொடுக்கும். தொடக்கத்தில் மட்டும் வேண்டாம். வில்லைப் பிடிக்கும் விரலின் இறுக்கத்தைத் திரை காட்டாது, தொட்டுத் தளர்த்த ஆள் வேண்டும். முதல் சில பாடங்களை நேரில் முடித்துவிட்டு, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டால், பிறகு வாரம் ஒரு வீடியோ வகுப்பும் தினம் இருபது நிமிடமும் போதும்.

பழுதுபார்க்கவும் ஊரில் ஆள் கிடைப்பது கடினம். செல்லோவுக்குள்ளே விரல் கனத்தில் ஒரு மரக்குச்சி பசையில்லாமல், தந்திகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. அது விழுந்தால் தந்திகளைத் தளர்த்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. கைதேர்ந்த ஆசாரி ஒருவர் பிரியமாக அதைப் பசைபோட்டு ஒட்டித் தந்துவிடும் அபாயம் இங்கே கொஞ்சம் கூடுதல்.

இந்தக் கணக்கெல்லாம் கள்ளக்குறிச்சி டவுனுக்குத்தான். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பேருந்தில் வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்தும் உள்ளே நடக்கிற பிள்ளைக்கு, சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில், வீடியோ வகுப்பை நான் சிபாரிசு செய்ய முடியாது. அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை நான்காவது தடைக்கு என்னிடம் மறுப்பு இல்லை.